ஜெமி பெயரில் ஒரு பேராசிரியர்

குற்றாலம்

அன்புள்ள அத்தான்,

துபாயில் நம் மகன் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாரல் விடவே இல்லை. துணி எதுவும் காயவில்லை.

சுந்தரபாண்டியபுரத்து வயலை விற்று, பல்கலைக்கழகத்தில் நம் ஜெமி பெயரில் நீங்கள் ஏற்படுத்திய இசைப் பேராசிரியர் பதவிக்கு ஒருவழியாக ஆள் போட்டுவிட்டார்கள். முதலில் இருந்தவர் ஓய்வு பெற்றபின், இத்தனை வருஷமும் அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்.

புதிதாக வருபவள் முப்பிடாதி. ஆமாம், ஜெமியோடு வயலின் படித்தவள்தான். அன்று ஜெமியை அருவிக்குக் கூட்டிப்போய், தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவள்.

நேற்று வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் சேர மாட்டேன்," என்றாள்.

"ஏட்டி, அவ வாசிச்சது உன்னை விட்டா வேற யாருக்கு ஞாபகம் இருக்கு? போய்ச் சேரு," என்றேன்.

அழுதாள். தொட்டுத் தேற்ற எனக்குக் கை எழவில்லை, அத்தான்.

நீங்கள் தடுப்பீர்கள் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். முதல் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். போவேன். வகுப்பு முடிந்ததும், ஜெமி கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளிடம் கேட்பேன். இத்தனை வருஷமும் நாம் அவளைத் திட்டினோமே தவிர, அதைக் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
ஜெமியின் அம்மா