மூன்று குச்சிகள்

இன்று என் மேசைக்குப் புதுக் கணினி வந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்த வாசனை போவதற்குள் எழுத்துருப் பட்டியலைத் திறந்துவிட்டேன். கை தானாகவே உன் வரியைத் தட்டியது: ஆங்கிலத்தின் பெரிய ஐ, சின்ன எல், ஒன்று, பெரிய ஓ, பூஜ்ஜியம். இந்த ஐந்தும் தனித்தனி முகத்தோடு தெரிந்தால்தான் அந்த எழுத்துருவுக்கு நம் டிராவல்ஸில் வேலை. உன் சட்டம் அது. நீ போய் ஒரு வருஷமாகியும் அமலில் இருக்கிறது.

சிராங்கூன் சாலையில், நகைக்கடைக்கு மேல்மாடியில், பதினோரு வருஷம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். நீ தட்டச்சு செய்வாய், நான் பேசுவேன். கடை யாரால் ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. நீ ஒவ்வொரு எழுத்துருவாகப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாய்.

“என்னடி, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறே?” என்பேன்.

“மாப்பிள்ளை சரியில்லன்னா சகிச்சுக்கலாம் லா. விசா நம்பர் சரியில்லன்னா ஏர்போர்ட்ல நிக்கணும்.”

நீ தேர்ந்தெடுத்ததோ, பூஜ்ஜியத்தின் வயிற்றில் கோடு கிழித்து, ஒன்றின் காலடியில் பலகை வைத்த ஓர் அவலட்சணம். உடம்பு சரியில்லை என்று நீ எம்சி எடுத்த அந்த வாரம் எனக்குக் கலைக்கண் திறந்தது. தீபாவளி நேரம், கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே என்று, விசா எண்ணை அச்சிட்டுப் பயணிகளுக்குக் கொடுக்கும் சீட்டை ஒல்லியான, நாகரிகமான எழுத்துக்கு மாற்றினேன். நாலு பேரிடம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் தோ பாயோவிலிருந்து பாய் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காரைக்காலில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தம்பியைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று அவசரமாக டிக்கெட் எடுத்தவர். அன்று மாலை விமானம். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“தங்கச்சி, வெப்சைட்ல நம்பர போட்டா விசாவே இல்லங்குதும்மா. மவன் ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டான். இன்னொரு தடவ தப்பாப் போட்டா லாக் ஆயிடுமாம்.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எண்ணின் நடுவில் மூன்று குச்சிகள். மூன்றும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. எது ஐ, எது எல், எது ஒன்று? கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்குப் போன் போட்டேன். அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில், முதலாளி மச்சானோடு மீன்தலைக் கறி சாப்பிடப் போயிருப்பதையும் சொல்லாமல் விடவில்லை.

“அழகு பாத்தியா?” என்றாய். திட்டு அவ்வளவுதான். “அந்த ஃபைல் உன் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? நம்பர செலக்ட் பண்ணு. என் ஃபாண்டுக்கு மாத்து.”

மாற்றினேன். மூன்று குச்சிகளும் மூன்று ஆட்களாகத் திரும்பி நின்றன. பாயின் விசா திரையில் வந்தது. படியிறங்கும்போது அவர் வாழ்த்தியது என்னை அல்ல. “போன்ல பேசுன அந்தப் புள்ள நல்லா இருக்கணும்” என்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம்.

நீ திரும்பி வந்ததும் முதலாளி விசாரித்தார். “பிரிண்டர் பழசு லா, பாஸ்” என்று என்னைக் காப்பாற்றிவிட்டு, என் கணினியில் உன் அவலட்சணத்தை நிரந்தரமாக உட்கார வைத்தாய்.

அந்த மதியம் நீ எங்கே இருந்தாய் என்பதை உன் காரியத்தன்று உன் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்கேன் முடிவுக்காக டாக்டர் அறை வாசலில். உன் வரிசை எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்களாம். “ரெண்டு நிமிஷம், ஆபீஸ் கால்” என்று அவர்களை நிறுத்திவிட்டு என்னிடம் பேசினாயாம். ஊரில் யார் வீட்டில் என்ன என்று விரல்நுனியில் வைத்திருந்த நான், அன்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது யாருக்குப் போன் செய்தாலும் என் முதல் கேள்வி, “எங்க இருக்கே? பேசலாமா?” என்பதுதான். “பஸ்லதாம்மா, வேற எங்க இருப்பேன்?” என்று மகன் எரிந்து விழுகிறான். விழட்டும். அவன் பஸ்ஸில்தான் இருக்கிறான் என்று தெரிந்த பிறகே மற்றதைப் பேசுகிறேன்.