பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

பிப்ரவரி 9

பக்கவாதம் வந்து மூன்று மாதம். "வலது கை மெதுவா வரும் சார். பாடம் நடத்தறது உங்க இஷ்டம்" என்றார் டாக்டர். இஷ்டமாம்! கணக்கு வாத்தியாருக்குத் தலை வேலை செய்கிறதா என்று யார் சொல்வது? விடுப்பு மார்ச்சோடு முடிகிறது. எனக்கு நானே ஒரு தேர்வு வைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி அட்டையில் என் எண் 1022117. இது வேறெதாலும் வகுபடாத பகா எண்ணா? ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், காகிதத்தில், இடது கையால். சரியாக முடித்தால் பள்ளிக்குப் போகிறேன்.

பிப்ரவரி 10

2, 3, 5 – பார்த்தாலே தெரிகிறது, வகுபடாது. 7 – மீதி 5. இதற்கே கால் மணி நேரம். "போன்ல போட்டா ஒரு நொடிப்பா" என்கிறாள் மகள். போனுக்கா பக்கவாதம் வந்தது? கத்திவிட்டேன்.

பிப்ரவரி 14

37-ஆல் வகுபடுகிறது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி போட்டால் மீதி 29. கழிக்கும்போது கடன் வாங்கியதை மறந்திருக்கிறேன். இதே தப்புக்கு எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

பிப்ரவரி 20

இன்று ஐந்து எண்கள்தான் முடிந்தன. பென்சிலைச் சுவரைப் பார்த்து எறிந்தேன். கதவில் போய் விழுந்தது.

மார்ச் 12

பகா எண் அட்டவணையின் கடைசி எண் 997. அதாலும் வகுபடவில்லை. ஆக மொத்தம் 168 எண்கள். பகா எண்ணேதான்! மகள் கைதட்டினாள். தலைமை ஆசிரியருக்கு போன் போட்டு, "ஒண்ணாந்தேதி வந்துடறேன்" என்றேன்.

மார்ச் 13

நிரூபணத்தை அழகாக எழுதிவைக்க உட்கார்ந்தேன். முதல் வரி – எதுவரை வகுக்க வேண்டும்? வர்க்கமூலம் வரை. வருடா வருடம் நான் சொல்லிக்கொடுப்பது. 1011-ஐ 1011-ஆல் பெருக்கினால் 1022121. நம் எண்ணைவிட நாலுதான் அதிகம். அப்படியென்றால் ஆயிரத்தைத் தாண்டியும் போயிருக்க வேண்டும். அட்டவணை முடிந்ததும் கணக்கும் முடிந்ததென்று எழுந்துவிட்டிருக்கிறேன். விட்டுப்போனது ஒரே ஓர் எண், 1009. வகுத்தேன். ஈவு 1013. மீதி பூஜ்யம்.

மகளிடம் காகிதத்தை நீட்டினேன். பார்க்கக்கூட இல்லை. "தெரியும்ப்பா. மொத நாளே போன்ல போட்டுப் பார்த்துட்டேன். அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

"எவ்வளவு நாள் கழிச்சு சிரிச்சீங்க. அதைப் போய் கெடுக்கணுமா?" என்றாள் மனைவி.

தப்பு விட்டதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமாக என்னோடு மூஞ்சிக்கு நேராகச் சண்டை போட்டவர்கள், நேற்று என் தப்புக்குக் கை தட்டியிருக்கிறார்கள்! வகுப்பில் பசங்களும் பாவம் பார்த்து இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

மார்ச் 16

விடுப்பை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் கேட்டுக் கடிதம் எழுதினேன். மகளிடம் கொடுத்தேன். படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வருஷம் தப்புப்பா. போன வருஷத்தைப் போட்டிருக்கீங்க" என்றாள்.

திருத்தினேன்.