ஒரு சொட்டுச் சாறு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்பாய். அதனால் கடிதம்.

எங்கள் ஆய்வகத் தலைவர் உன்னிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னாராம். உன்னோடு படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். நீ அதைக் கேட்டுக்கொண்டு, "விட்டுக்குடும்மா, வயசான காலத்துல எதுக்கு வம்பு?" என்று மெசேஜ் அனுப்பினாயே, அதுதான் தாங்கவில்லை. என்ன சண்டை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மரபணுவிலிருந்து நகலாகும் ஆர்.என்.ஏ. அப்படியே வேலைக்கு உதவாது. அதன் கடைசிப் பகுதியை வெட்டி, ஒரு வால் சேர்க்க வேண்டும். செல்லுக்குள் இது தானாக நடக்கிறது. செல்லே இல்லாமல், அதற்கு வேண்டிய புரதங்களைத் தனித்தனியாகச் சுத்தம் செய்து, குழாயில் சேர்த்து நடத்திக் காட்டுவதுதான் எங்கள் வேலை. அவற்றை உப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்வது நான். கண்ணாடிச் சாமான் கழுவப் போனவள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

எல்லாம் சேர்த்தும் வெட்டவில்லை. செல்லை உடைத்து எடுத்த சாறு ஒரு சொட்டு விட்டால் வெட்டுகிறது. "சுத்தமான புரதங்களால் செய்தோம்" என்று கட்டுரை எழுதி, அந்தச் சொட்டைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடலாம் என்கிறார் தலைவர். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு நாங்கள் செய்தது எது? கட்டுரையில் என் பெயரும் உண்டு; கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அவர் பக்கமும் நியாயமுண்டு. கட்டுரை வராவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். போன வாரம் என் மேசைக்கு வந்து, "நீங்க ரொம்பக் கழுவுறீங்கம்மா. புரதத்தோட லேசா ஒட்டியிருந்தது ஏதோ உப்புத் தண்ணியோட போயிருக்கும்" என்றார். சுருக்கென்றது. உன் அப்பாவின் சட்டையைச் சாயம் போகத் துவைத்தவள்தானே நான். ஆனாலும் உப்பைக் குறைத்துக் கழுவினேன். இன்று சாறு விடாமலே வெட்டியது. வெட்டிய துண்டு மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் சொன்னதும் சரி, நான் கையெழுத்துப் போடாததும் சரி.

வெட்ட வைப்பது எது என்று பிரித்துக் காட்டும்வரை இப்போதும் போட மாட்டேன் என்றேன். கட்டுரையை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "பிரிங்கம்மா, காத்திருக்கேன்" என்றார். வெளியாள் காத்திருக்கிறார்.

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. இனி என்னைப் பற்றி எது காதில் விழுந்தாலும் முதலில் என்னிடம் கேளப்பா. வேலை நடுவில் என்றாலும் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுப்பேன்.

எப்போதும் உன் நலம் வேண்டும்,
அம்மா