குதித்து வந்த வாய்ப்பாடு

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். உன் பெண்ணுக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது. ஒரு வருஷமாக உட்கார வைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன், வரவில்லை. புதிதாக வந்த சகாயராணி டீச்சர், பள்ளிக்கூடத்தில் பாண்டிக் கட்டம் போட்டு, ஏழு, பதினாலு என்று எழுதி நொண்டியடிக்க விட்டாளாம். ஒரே வாரம்!

"இவ உட்கார்ந்து படிக்கிற பிள்ளை இல்லைங்க, குதிச்சுப் படிக்கிற பிள்ளை" என்று எனக்கே சொல்கிறாள். வளர்த்தவள் நானா, அவளா?

வீட்டில் எந்நேரமும் "எங்க மிஸ்" புராணம்தான். "எட்டாம் வாய்ப்பாடு நான் சொல்லித் தரேன்டி" என்றேன். "உனக்குக் குதிக்க வருமா பாட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

வாசலில் கட்டம் போட்டாயிற்று. ஸ்ரீரங்கம் வரும்போது முழங்காலுக்கு நல்ல தைலமாக வாங்கி வா.

இப்படிக்கு,
அஞ்சாம் வகுப்பு வரை முதல் மார்க் வாங்கிய
உன் அம்மா