கேனில் பிடித்த ஊற்றுத் தண்ணீர்

காரைக்குடி
13.9.98

அன்பு மகள் மெர்சிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூவரும் நலம், டில்லியில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, தம்பி செல்வின் கணக்கில் நாற்பது வாங்கி வந்தான், நான் வையவில்லை. ஏன் வையவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

எங்கள் லேபில் எலும்பு முறிவுக்கு வைக்கும் உலோகத் தகட்டில் எலும்புச் சத்தைப் பூச்சாக ஏற்றுகிறோம் அல்லவா, அதன் துகள்கள் ஒரு தலைமுடிப் பருமனில் ஆயிரம் அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. கரைசல் கலக்குவது நான், தகட்டைத் தொங்கவிட்டு மின்சாரம் விடுவது ஆராய்ச்சி மாணவி விசாலி. ஜூலையிலிருந்து பூச்செல்லாம் மழையில் நனைந்த சுண்ணாம்பு மாதிரி உரிந்தது. உன் கைதான் சரியில்லை என்று எல்லார் முன்னாலும் அவளை வைதேன். அண்ணே, தண்ணி எங்குட்டுப் புடிச்சீக என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒக்கூர்க்காரிக்கு எங்க ஊரு ஊத்துத் தண்ணி அருமை தெரியுமாக்கும் என்று வாயை அடைத்தேன். டிஸ்டில்டு வாட்டர் மெஷின் பழுது, நம்மூர்ச் சம்பை ஊற்றில் கேனில் பிடித்து வந்து ஊற்றியவன் நான். கல்கண்டுத் தண்ணீர், இதில் என்ன உப்பு இருக்கப்போகிறது என்ற ஊர்ப்பெருமை, படித்தவன் சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா. அவள் ஆராய்ச்சியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

போன திங்கட்கிழமை மெஷின் சரியாகி, வடித்த தண்ணீரில் கலந்தேன். பிளேடால் சுரண்டியும் பூச்சு அசையவில்லை; ஊற்றுத் தண்ணீரில் இருந்த உப்புதான் இத்தனை நாளும் அதை உரித்திருக்கிறது. தப்பு என்னுடையது என்று லேப் தலைவரிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நேற்று ஒக்கூருக்கு பஸ் ஏறினேன். விசாலி செம்பை நீட்டி, இது எங்க ஊரு தண்ணிண்ணே, பயப்படாமக் குடிங்க என்றாள். வாங்கிக் கீழே வைத்தேன். தப்பு என்னோடதும்மா என்றேன். அப்பவே தெரியும்ணே என்றாள். அதுதான் இன்னும் சுடுகிறது. செவ்வாக்கெழம வாரேன், தண்ணிய மட்டும் இனி நாந்தான் புடிப்பேன் என்றாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ரத்த சாம்பிளை நீ மாற்றி வைத்துவிட்டதை அன்றைக்கே சிஸ்டரிடம் நீயாகப் போய்ச் சொன்னதாக எழுதியிருந்தாய். கவனமில்லாதவளுக்கு வெள்ளை உடுப்பு எதற்கு என்று நாலு பக்கம் பதில் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்ப் பிடித்ததும் அதே கேன்தான் மகளே. இருபது வயதில் உனக்கு அப்பனானவன், இன்னும் அந்த அவசரபுத்தி போகவில்லை.

மாதா உன் கூடவே இருக்கட்டும். குளிருக்கு முன்னால் ஸ்வெட்டர் வாங்கிக்கொள். போன கடிதத்தைக் கிழித்துப் போடு, இதை வைத்துக்கொள், நான் மறுபடி வைதால் எனக்கே திருப்பி அனுப்பு.

உன் முன்னால் தலைகுனியும் அப்பா,
அந்தோணி பிரபு