எலும்புக்கு மட்டும் திருவா?

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் நலம். அம்மா என்னைவிட நலம். நாம் சண்டை போட்டால் அவளுக்கு இரண்டு பக்கமும் கதை கிடைக்கிறது.

நீ அனுப்பிய படிவம் வந்தது. உன் ஆஸ்டியோபதி கடைசித் தேர்வில் ஒருவருக்குக் கையாலேயே வைத்தியம் செய்துகாட்ட வேண்டும், அதற்கு என் இடுப்பு வேண்டும். நான் வராவிட்டால் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று அம்மா சொன்னாள். சரி. ஆனால் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? 'நோயாளி: ஆண், வயது 67, இடுப்பில் இடது பக்கம் இறுக்கம்.' நாற்பது வருடமாக ஊராருக்கு பேன்ட் தைக்கிறவன் நான். எத்தனை இடுப்பை அளந்திருப்பேன்! என் இடுப்பில் எனக்குத் தெரியாததை நீ நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாயாம்.

நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் உன் பாடக்குறிப்பை எடுத்தேன். மூன்று முறை படித்தேன். முதுகுத்தண்டின் அடியில், இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே, ஆப்பு வைத்த மாதிரி ஒரு முக்கோண எலும்பு. பெயர் திருவெலும்பாம். மூச்சை விட்டால் முன்னால் தலையாட்டுகிறது, இழுத்தால் பின்னால் சாய்கிறது, நடந்தால் காலுக்குக் கால் திரும்புகிறது. எல்லாம் நூலளவுதான். நூலளவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் வருத்தம் இதுதான். எலும்புக்குத் திரு போடுகிறீர்கள். அதைச் சுமந்து திரிகிற அப்பன் வெறும் நோயாளி.

குறிப்பில் ஒரு சோதனை இருந்தது. என் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குழிகளிலும் கட்டைவிரல்களை வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் முன்பக்கமாகக் குனிந்தேன். இறுகிய பக்கத்து விரல் மேலேறுமாம். "ஐயோ, இடது விரல் மட்டும் மாடிப்படி ஏறுதுங்க! உங்க இடுப்பும் உங்கள மாதிரியே விட்டுக்கொடுக்காது போல" என்று சிரித்தாள். ஒழுங்காக விரல் வைக்கத் தெரியவில்லை என்று அவளைத் திட்டினேன்.

அவள் கடைக்குப் போனதும் என் பேன்ட் எட்டையும் தரையில் விரித்து அளந்தேன். எட்டிலும் இடது கால் அரை இன்ச் குட்டை. எல்லாம் நானே வெட்டியவை. என்னைக் கேட்காமலே கை வெட்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

அதனால் நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. உனக்கு முன்பே என் கத்தரிக்கோலுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். படிவத்தில் 'நோயாளி'யை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை தேர்வில் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். சில்லென்ற கை பட்டால் எந்த இடுப்பும் இறுகும். அழுத்தத் தயங்காதே. நான் கத்தமாட்டேன்.

நீ சரிசெய்துவிட்டால் எட்டு பேன்ட்டும் எனக்குப் பொருந்தாமல் போகும். பரவாயில்லை. எல்லாவற்றிலும் கீழ்மடிப்பில் துணி விட்டுத்தான் வைத்திருக்கிறேன். நல்லா இரு.

இப்படிக்கு,
திரு. அப்பா