வீடு எண் 61: ‘சிரமம் ஏதுமில்லை’ என்று நான் எழுதிய குறிப்பைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
களப்பணியாளர் எண் 9,
ஓய்வுபெற்ற நூலகர்.
(வீடு எண் 61-இல் உள்ளவரின் பாதுகாப்புக் கருதி இம்மனுவில் எவர் பெயரும் எழுதப்படவில்லை. என் பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகப் பதிவேட்டில் 9-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ளன.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மகளிர் பாதுகாப்புத் துறை.

பொருள்: பெண்கள் மீது அவர்களுடைய துணைவர்கள் இழைக்கும் வன்முறை பற்றிய ஆய்வு – வீடு எண் 61 – என் நாள் குறிப்புச் சீட்டு பொய்யானது என்பதைத் தெரிவித்தல் – அப்பெண்ணுக்கு உரிய உதவியை இம்மாதம் 21-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் துறைக்காக ஒரு நிறுவனம் நடத்தும் மேற்படி ஆய்வில் நான் ஐந்து மாதங்களாகப் பணிபுரிகிறேன். வயது எழுபத்தொன்று. இந்தப் புகார் என் மீது நானே கொடுப்பது. இப்படி ஒரு மனுவை எந்த முறையில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் செல்வோம். என்னுடன் வரும் இளம்பெண் சமையலறையிலோ உள் அறையிலோ வீட்டுப் பெண்ணைத் தனியே வைத்து உண்மையான கேள்விகளைக் கேட்பார். முப்பத்தெட்டுக் கேள்விகள். அதே நேரத்தில் நான் கணவரை முன்னறையில் உட்கார வைத்துக் குடிநீர், மின்சாரம் பற்றிய ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை யாரும் படிக்கப் போவதில்லை. கணவர் உள்ளே வராதிருக்கவே அது தயாரிக்கப்பட்டது. கிழவனிடம் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

3. கணவர் எழுந்து உள்ளே போக முற்பட்டால், “தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர்?” என்று நான் உரக்கக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் உடனே தம் தாளை மாற்றிக்கொண்டு தண்ணீர் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். வீட்டுப் பெண்ணிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.

4. முப்பத்து நான்கு ஆண்டுகள் நூலகத்தில் இருந்தவனுக்கு உரத்த குரல் கிடையாது. பயிற்சியின்போது அந்த இளம்பெண், “சார், இது லைப்ரரி இல்ல. சத்தமா சொல்லுங்க, யாரும் ஃபைன் போட மாட்டாங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் முறை சொன்னதும், “இப்ப ஓகே சார்” என்றார். என் மீது இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதை நான் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

5. சென்ற மாதம் 24-ஆம் தேதி முற்பகல் வீடு எண் 61-க்குச் சென்றோம். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். முன்னறையே அவருடைய பட்டறை. கதவு கழற்றிய இரண்டு பெட்டிகள் சுவரோரம் நின்றன. என்னை ஒரு நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். மின்விசிறி எத்தனை என்று கேட்டபோது, “ரெண்டு பெரியவரே. ஒண்ணு இங்க சுத்துது. இன்னொண்ணு உள்ள இருக்கு, அது சுத்தாது, சத்தம் மட்டும்தான் போடும்” என்றார். அவர் சொன்னது தம் மனைவியை. அம்மையீர், நான் சிரித்தேன். கணவரைப் பேச்சில் வைத்திருப்பது என் பணி. சிரிப்பது அதில் சேராது.

6. என் படிவத்தின் பதினேழாம் கேள்வியின்போது அவர், “ஒரு நிமிஷம்” என்று எழுந்து உள்ளே நடந்தார். நான் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். அதை மேசையைப் பார்த்துக் கேட்டேன். என் குரல் மேசையைத் தாண்டியிராது. பிறர் வீட்டில் குரல் உயர்த்துவது மரியாதையல்ல என்று என் நாக்கு தானாகவே முடிவு செய்துவிட்டது. தொட்டியைப் பற்றிய கேள்வி ஒன்பதாவது கேள்வியாகப் படிவத்திலேயே இருந்ததும், அதற்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்ததும் பிறகே எனக்கு நினைவுக்கு வந்தன.

7. முன்னறையிலிருந்து உள்ளே போகும் வழியில் ஒரு திரை தொங்கியது. அதன் அடியில், அப்பால் சமையலறை வாசலில் நின்ற கணவரின் பாதங்கள் தெரிந்தன. அவை அசையவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். கடிகாரத்தை நான் பார்க்கவில்லையாதலால் உறுதியாகச் சொல்ல இயலாது. உள்ளே அப்பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இன்னொரு முறை உரக்கக் கேட்டிருக்கலாம். இருமியிருக்கலாம். நாற்காலியைத் தள்ளி விழ வைத்திருக்கலாம். பேனாவைப் பதினேழாம் கேள்வியின் மீது வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

8. அவர் திரும்பி வந்து மீதிக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, “இன்னும் எவ்வளவு நேரம்மா? வேலை கெடக்கு” என்றார். அப்பெண்ணின் நேர்காணல் முப்பத்தொன்றாம் கேள்வியோடு நின்றது. கணவர் எனக்குக் குளிர்ந்த நீர் கொடுத்தார். குடித்தேன். வாசல்வரை வந்து சிரித்துக்கொண்டே, “தொட்டி ஐந்நூறு லிட்டர்னு முன்னாடியே சொன்னேனே பெரியவரே, மறுபடி ஏன் கேட்டீங்க?” என்றார். “வயசாயிடுச்சு, மறந்துட்டேன்” என்றேன்.

9. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும். தெருமுனை திரும்பியதும் என்னுடன் வந்தவர், “எல்லாம் சரியாப் போச்சுல்ல சார்?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். அன்று மாலை நாள் குறிப்புச் சீட்டில், ‘நேர்காணலின்போது நேர்ந்த சிரமம்’ என்ற கட்டத்தில், ‘சிரமம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றும் அழகாகவே இருந்தது.

10. இம்மாதம் 8-ஆம் தேதி ஆய்வறிக்கையின் வரைவைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஓரிடத்தில், ‘நாள் குறிப்புச் சீட்டுகளின்படி, இவ்வாய்வினால் எந்தப் பெண்ணுக்கும் இடையூறு நேரவில்லை’ என்றிருந்தது. இன்னோரிடத்தில், ‘பதிலளித்தோரின் ஆர்வக்குறைவால் பாதியில் நின்ற ஏழு நேர்காணல்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை’ என்றிருந்தது. அந்த ஏழில் ஒன்று 61. நான் பதினோரு எழுத்துப் பிழைகளைத் திருத்தி 10-ஆம் தேதி திருப்பிக் கொடுத்தேன். அந்த இரண்டு வாக்கியங்களிலும் எழுத்துப் பிழை இல்லை. எனவே கை வைக்கவில்லை.

11. மறுநாள் 11-ஆம் தேதி, இரத்த அழுத்த மாத்திரை வாங்க மருத்துவமனைக்குச் சென்றேன். கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த ஒரு பெண், “தண்ணித் தொட்டி சார்தானே?” என்றார். வீடு எண் 61-இன் பெண். வலது கையில் மூன்று விரல்களுக்குச் சேர்த்துக் கட்டு. நாங்கள் போன அன்று மாலையே கணவர் கதவை இவர் விரல்கள் மீது வைத்துச் சாத்தியிருக்கிறார். “காத்துல சாத்திக்கிச்சுன்னு இங்க சொல்லியிருக்கேன் சார்” என்றார்.

12. நான் மன்னிப்புக் கேட்க முயன்றேன். என் குரல் உள்ளே கேட்டிருக்காது என்றேன். அதற்கு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். “அந்தப் பொண்ணுக்குத்தான் கேக்கல சார். எனக்குக் கேட்டுச்சு. அவரு வெறுங்காலோட வந்தாக்கூட எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். பதினொரு வருஷத்துல ஒருத்தர் வந்து கேட்டது அன்னிக்குத்தான். பாதியில நிறுத்தினா திரும்ப வருவீங்களா?” பிறகு, “நான் சொன்னதெல்லாம் அந்தப் பேப்பர்ல பத்திரமா இருக்குல்ல?” என்று கேட்டார்.

13. “இருக்கும்மா” என்றேன். 61 கணக்கில் இல்லை என்பதை முந்தைய நாள்தான் பிழை பார்த்துக் கொடுத்திருந்தேன். அப்பெண் கணவரின் காலடி கேட்டும் நிறுத்தவில்லை என்பதை என் குற்றத்தைக் குறைத்துக்கொள்வதற்காக இங்கே எழுதவில்லை. அவருக்கு இருந்த துணிச்சலில் நூறில் ஒரு பங்கு எனக்கு இருந்திருந்தால் அவர் விரல்கள் நன்றாக இருந்திருக்கும்.

14. ஆய்வு நெறிமுறைக் கையேடு, பக்கம் 14: ஆய்வின் காரணமாக ஒரு பெண்ணுக்கு இடையூறு நேர்ந்ததாகப் பதிவானால், பாதுகாப்பான தங்குமிடம், சிகிச்சை, வழக்கறிஞர் ஆகிய மூன்றும் ஆய்வு முடியும் நாளுக்குள் நிறுவனத்தால் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். பதிவாகாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆய்வு இம்மாதம் 30-ஆம் தேதி முடிகிறது. என் சீட்டில் உள்ள இரண்டு சொற்கள்தாம் அவருக்கும் அந்த உதவிக்கும் நடுவே நிற்கின்றன. கையேட்டில் உள்ளதை அன்று மருத்துவமனையிலேயே அவரிடம் சொன்னேன். “பாப்பாவையும் சேத்துக்குவாங்கன்னா வர்றேன்” என்றார். மகளுக்கு ஏழு வயது. இம்மனுவை எழுத அவரே சம்மதித்தார்.

15. மறுநாள் 12-ஆம் தேதி களப்பணி ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். “சார், ரிப்போர்ட் முடிஞ்சு பிரஸ்ஸுக்குப் போகுது. கையில கட்டுன்னா அது நம்மாலதான்னு யாரு சொன்னா? நீங்களே சிரமம் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க” என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் சீட்டை என்னிடமே காட்டினார், அவ்வளவுதான்.

16. அன்று என் மனைவியிடம் முதல் முறையாக நடந்ததைக் கூறினேன். “எனக்கே நீங்க பேசுறதுல பாதி கேக்காது. பேசினது போதும், எழுதுங்க. உங்க கையெழுத்துக்காவது தைரியம் இருக்கான்னு பாப்போம்” என்றார். அதன் பிறகும் மூன்று நாள்கள் தாமதித்தேன். அதற்குக் காரணம் எதுவும் காட்ட இயலாது.

17. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) என் சீட்டில் உள்ள குறிப்பை நீக்கி, இம்மனுவின் 6 முதல் 9 வரையிலான பத்திகளை அதற்குப் பதிலாகப் பதிவு செய்ய வேண்டும். அறிக்கையில் ‘எந்தப் பெண்ணுக்கும் இடையூறு நேரவில்லை’ என்றுள்ள வாக்கியம் அச்சாகக் கூடாது.

(ஆ) அப்பெண்ணுக்கும் மகளுக்கும் தங்குமிடம் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வீட்டுக்கு யாரும் போக வேண்டாம். கடிதமும் வேண்டாம், செல்பேசி அழைப்பும் வேண்டாம். அவர் தனியாக வெளியே வருவது கட்டு மாற்ற மட்டுமே. அதற்கு மீதமிருப்பவை 18, 21 ஆகிய இரண்டு நாள்கள், காலை பத்து மணி. கட்டு மாற்றும் செவிலியர் மூலமாக மட்டுமே அவரிடம் பேச வேண்டும். 21-க்குப் பிறகு அவரைச் சந்திக்க எனக்குத் தெரிந்து வழி இல்லை.

(இ) அவர் பதில் சொன்ன முப்பத்தொரு கேள்விகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விதி இடம் தராது என்றால், ‘ஆர்வக்குறைவு’ என்ற சொல்லையாவது எடுத்துவிட வேண்டும். அந்த ஆய்வில் அவரைவிட ஆர்வத்தோடு பதில் சொன்னவர் வேறு எவரும் இருக்க முடியாது.

(ஈ) என்னுடன் வந்த இளம்பெண் மீது நடவடிக்கை வேண்டாம். நான் சொன்னதை நம்பியதைத் தவிர அவர் தவறு எதுவும் செய்யவில்லை. என் மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன்.

18. நேர் விசாரணைக்கு அழைத்தால் எந்த நேரமும் வருகிறேன். அறையில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். இன்று காலை என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறாம் பத்தியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, “கேக்குது” என்றார்.

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
களப்பணியாளர் எண் 9

நாள்: இம்மாதம் 15
இடம்: என் இல்லம்

இணைப்பு: வீடு எண் 61-க்கான என் நாள் குறிப்புச் சீட்டின் நகல், ஒன்று.